பீட்ரூட் இல்லாத சிவப்பு

அந்த ஜிம்மில் வலிக்கு வலி என்று பெயரில்லை. விருந்தாளி என்று பெயர். பயிற்சி செய்த அன்று எட்டிப் பார்க்காமல், மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழும்போது சொல்லாமல் கொள்ளாமல் வந்து தொடையிலும் தோளிலும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டொரு நாள் தங்கிவிட்டுத் தானாகவே கிளம்பிவிடுகிற அந்த வேதனைக்கு மாஸ்டர் சூட்டிய பெயர் அது. நாளடைவில் அதுவே அங்கே முகமன் ஆகிவிட்டது. படியேறி வருபவரின் நடையைப் பார்த்த மாத்திரத்தில், "என்ன, விருந்தாளி வந்தாச்சா?" என்று ஒருவர் கேட்பார். "குடும்பத்தோட வந்திருக்காரு" என்று நொண்டிக்கொண்டே மற்றவர் பதில் சொல்வார். வலி வராதவன்தான் அங்கே தலைகுனிய வேண்டியிருந்தது.

விருந்தாளி என்று ஒருவர் வந்துவிட்டால் உபசாரம் வேண்டுமல்லவா? அது மாஸ்டரின் மனைவி பொறுப்பில் இருந்தது. டயர்க் கடைக்கு மேல்மாடியில், படி முடியும் இடத்தை ஒட்டிய சிறு மேடைக்குப் பின்னால், மிக்ஸியும் எலுமிச்சம்பழக் கூடையும் வரிசை வரிசையாகச் சப்ளிமெண்ட் டப்பாக்களுமாக அவள் நின்றிருப்பாள். அவள் கலக்கும் பானத்துக்குச் 'சிவப்பு' என்று பெயர். பீட்ரூட் தூள், இஞ்சிச் சாறு, எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு.

"உழைச்ச சதையில ஆசிட் தேங்கும். லாக்டிக் ஆசிட். அதைக் கழுவி இறக்குறதுக்குத்தான் சிவப்பு" என்று புதிதாகச் சேருபவர்களிடம் மாஸ்டர் சொல்வார். சொல்லும்போது, சாக்கடையில் அடைப்பு எங்கே இருக்கிறதென்று தட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிற குழாய்க்காரரின் தெம்பு அவர் குரலில் இருக்கும். அந்தத் தெம்புக்காகவே பாதிப் பேர் வலி குறைந்ததாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அன்று பிற்பகல், கண்ணாடிச் சுவரில் வெயில் பட்டுக் கூசிக்கொண்டிருந்த நேரத்தில், அவளுடைய தம்பி படியேறி வந்தான். ஏறினான் என்று சொல்வதுகூடச் சரியில்லை. இரண்டு கைகளாலும் கைப்பிடிக் கம்பியைப் பற்றி, கால்கள் வேறு யாருடையவோ என்பதுபோல் ஒவ்வொன்றாக மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தான்.

"என்ன மாப்ள, விருந்தாளியா?" என்று உள்ளேயிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார்.

"பந்தல் போட்டு உட்கார்ந்திருக்காரு மச்சான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிப்பு மட்டும் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றதை அவள் கவனித்தாள்.

மறுநாள் காலை அவனுக்குத் தீயணைப்புப் படையின் கடைசித் தேர்வு. எழுத்துத் தேர்வு முடிந்திருந்தது, ஓட்டமும் முடிந்திருந்தது. மிச்சமிருந்தது ஒன்றுதான்: ஓர் ஆளின் எடையுள்ள பொம்மையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மாடிப்படிகளில் இறங்கிவர வேண்டும். வயது வரம்பு அவனுக்கு இந்த ஆண்டோடு முடிகிறது. நாளைக்குத் தவறினால் பிறகு அந்தச் சிவப்பு வண்டியைத் தெருவில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

தவறக் கூடாது என்பதில் அவனைவிட அவளுக்கு அக்கறை அதிகம். அதற்கு ஒரு காரணம் உண்டு; அந்தக் காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போன ஆண்டுத் தேர்வன்று காலையில், அவன் ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது, "நெஞ்சை அடைக்குதுடா" என்று அவள் தரையில் சாய்ந்தாள். அவன் அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினான். அவளுக்கு ஒன்றும் இல்லை. எரிகிற வீட்டுக்குள் தம்பி நுழைகிற காட்சியை நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டவளுக்கு அந்தக் காலையில் வேறு வழி எதுவும் புலப்படவில்லை, அவ்வளவுதான். உண்மை வெளிவந்தபோது அவன் கத்தவில்லை. "நீ இப்படிப் பண்ணுவேன்னு நினைக்கல அக்கா" என்று மட்டும் சொன்னான். கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை. இனிமேல் உன் வழியில் குறுக்கே நிற்க மாட்டேன் என்று அவள் சத்தியம் செய்து கொடுத்தாள். அவன் பயிற்சிக்கு வரும்போதெல்லாம் யாரையும் விடாமல் தானே சிவப்பைக் கலந்து கொடுப்பது அந்தச் சத்தியத்தின் தொடர்ச்சி.

அதில்தான் ஒரு சிக்கல்.

போன வாரம், காய்ச்சலில் படுத்திருந்தவன் தேறி மீண்டும் பயிற்சிக்கு வந்த முதல் நாளில், அவள் பீட்ரூட் டப்பாவைத் திறந்தாள். மழைக்காலத்து ஈரம் உள்ளே புகுந்து தூள் கட்டி தட்டிப்போய், மேலே வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. மூடியைச் சரியாகத் திருகாதது அவள்தான். புது டப்பா கொண்டுவர வேண்டிய ஆள் போனையே எடுக்கவில்லை. தம்பியோ மேடையில் தலை சாய்த்து, "சிவப்பு குடுக்கா, கால் கழண்டு விழுது" என்று முனகிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த ரோஸ் சிரப் பாட்டில் பையில் இருந்தது. இஞ்சியையும் எலுமிச்சையையும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, அதைக் கலந்து கொடுத்துவிட்டாள். அவன் குடித்தான். சற்று நேரம் கழித்துக் காலை உதறிக்கொண்டு எழுந்து, "பாதி வலி போயிடுச்சு. என்ன இருந்தாலும் சிவப்பு சிவப்புதான்" என்று சொல்லிவிட்டுப் படியில் துள்ளி இறங்கினான்.

அவளுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால், சொன்னால் போன வலி திரும்பி வந்துவிடுமோ என்று ஒரு தயக்கம். அதற்கு அடுத்த நாளும் அவன் நன்றாகத்தான் இருக்கிறது என்றான். மற்றவர்களும் வழக்கம்போலக் குடித்து வழக்கம்போலப் பாராட்டினார்கள். ஆக, அந்த ஜிம்மில் சில நாள்களாக எல்லோருக்கும் ஆசிட்டைக் கழுவிக்கொண்டிருந்தது ரோஸ் சிரப்தான். அது அவளுக்குள்ளேயே வைத்து ரசித்த ஒரு வேடிக்கை.

"உட்காருடா. கலக்கித் தர்றேன்" என்றாள், படியேறி வந்து நின்ற தம்பியிடம்.

"உட்கார்ந்தா எந்திரிக்க முடியாதுக்கா. நின்னுக்கிட்டே குடிக்கிறேன்" என்றவன், குடிக்காமலே கண்ணாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் நகர்ந்தான்.

முந்தாநாள் மாஸ்டர் அவனுக்குக் கடைசிப் பிழிவு கொடுத்திருந்தார். காய்ச்சலில் போன நாள்களை ஈடுகட்டுவதற்காக, கம்பியில் எடையை ஏற்றித் தோளில் வைத்து, உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட், மறுபடி ஸ்குவாட், மறுபடியும். "போதும் மச்சான்" என்று அவன் சொன்னதும், "பொம்மை போதும்னு சொல்லுமா?" என்று இவர் சொன்னதும் அவள் காதில் விழுந்திருந்தது. அப்போது அவளும் சிரித்தாள்.

கழிப்பறையிலிருந்து தம்பி திரும்பி வந்து சுவரோரம் சாய்ந்துகொண்டான். அவனுக்கு அடுத்து உள்ளே போனவர் தராசு. அவருக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், கழிப்பறைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் எடை மெஷினில் ஏறிப் பார்த்துக்கொள்கிற அவருடைய பழக்கம். அன்று உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்தார், மெஷினில்கூட ஏறவில்லை.

"மாஸ்டர், யாருய்யா கக்கூஸ்ல டிகாக்ஷனைக் கொண்டுபோய் ஊத்தினது? தண்ணி வேற வரல. அப்படியே நிக்குது."

"டிகாக்ஷனா?"

"ஆமாங்கறேன். கட்டி டிகாக்ஷன். பாலை ஊத்துனா குடிச்சிடலாம்."

தம்பி கையைத் தூக்கினான். "அது நான்தான் அண்ணே. காலையிலேர்ந்து அப்படித்தான் போகுது. மன்னிச்சுக்குங்க, வாளித் தண்ணி தூக்க முடியல."

ஒரு கணம் இரும்புச் சத்தம் நின்றது. பிறகு மாஸ்டர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அட, பீட்ரூட்டுய்யா! குடிச்சா அந்தக் கலர்லதான் போகும். முதல் தடவை பார்த்தப்ப நானே ரத்தம்னு நினைச்சு உயில் எழுதலாமான்னு யோசிச்சேன். ஒண்ணும் இல்ல மாப்ள, சிவப்பு உள்ள வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஆசிட்டெல்லாம் கழுவிக்கிட்டு வெளியே வருது."

"அதான் நானும் நினைச்சேன்" என்றான் தம்பி. அவன் முகத்தில் அன்று முதன்முறையாக ஒரு நிம்மதி படர்ந்தது. மற்றவர்களும் தத்தம் கம்பிக்குத் திரும்பினார்கள்.

மிக்ஸியின் மூடியைப் பிடித்திருந்த அவளுடைய கை மட்டும் அப்படியே நின்றது.

பீட்ரூட்டே இல்லையே.

அந்த அறையில் அத்தனை பேரையும் ஆசுவாசப்படுத்திய ஒரு விளக்கம் பொய் என்பது அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அந்த ஒருத்தியின் வார்த்தையைத்தான் அவன் இனி நம்ப மாட்டான். இரண்டும் ஒரே நொடியில் அவளுக்கு உறைத்தன.

சிரப்பின் சாயமாக இருக்கலாம் என்று மனம் ஒரு கொம்பைப் பற்றப் பார்த்தது. இருக்கலாம்தானே? பாட்டிலில் ஊற்றுவதெல்லாம் சாயம்தானே? ஆனால் மிக்ஸி ஜாடியில் மிஞ்சுவதை நாள்தோறும் குடித்துத் தீர்ப்பவள் அவள். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. மேடையைத் துடைக்கிற சாக்கில் தராசுவின் பக்கம் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது."

"கேளு தங்கச்சி."

"உங்களுக்கு... எப்படிப் போகுது?"

"எடையா? அரைக் கிலோ..."

"எடை இல்லண்ணே. கலரு. ஒண்ணுக்கு."

தராசு சுற்றுமுற்றும் பார்த்தார். ஐம்பது வயது மனிதருக்குக் காதுமடல் சிவந்தது. "என்ன தங்கச்சி, இதையெல்லாம் போய்... தண்ணி மாதிரிதான் போகுது. ஏன்?"

"தினமும் சிவப்பு குடிக்கிறீங்கல்ல?"

"ரெண்டு டம்ளர்."

பற்றிய கொம்பும் முறிந்தது.

அவள் தம்பியிடம் போனாள். அரைக்கால் சட்டைக்குக் கீழே அவனுடைய தொடைகள் பளபளத்துக்கொண்டிருந்தன. தோல் இழுத்துக் கட்டிய மத்தளம்போல இருந்தது. விரலை வைத்தாள், கல். அவன் தலையைப் பின்னுக்குச் சாய்த்து மூச்சை இழுத்தான்.

"தொடாதக்கா."

"வாந்தி வருதா?"

"காலையில ஒரு தடவை. பயத்துலதான். நாளைக்கு நாள் அப்படி."

"டாக்டர்கிட்ட ஒரு எட்டு..."

"ஆரம்பிச்சிட்டியா?" அவன் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது. "போன வருஷம் உன் நெஞ்சு. இந்த வருஷம் என் காலா?"

அதற்குள் மாஸ்டர் உள்ளறையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையோடு வந்துவிட்டார். "இதைப் போட்டுக்க மாப்ள. வலி மாத்திரை. இப்ப ஒண்ணு, படுக்கறப்ப ஒண்ணு, விடிகாலையில ஒண்ணு. காலையில ஓடிப்போய்ப் பொம்மையைத் தூக்குவ. ஏம்மா, சிவப்பை எடு. கொஞ்சம் தூள் கூடவே போட்டுக் கலக்கு, ஆசிட் ரொம்ப ஏறியிருக்கு."

அவள் மேடைக்குத் திரும்பினாள். பழக்கத்தில் ஊறிப்போன கை தானாகவே இஞ்சியை நசுக்கியது, எலுமிச்சையைப் பிழிந்தது, மேடைக்கடியில் மறைத்து வைத்த பாட்டிலைச் சாய்த்தது. டம்ளரில் அந்த அழகான, கபடமற்ற சிவப்பு நிறைந்தது. அதைத் தட்டில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கணவரின் மானம் இத்தனை பேர் முன்னால் கப்பலேறும். தம்பி மறுபடியும் 'நீ இப்படிப் பண்ணுவேன்னு நினைக்கல' என்பான். இந்த முறை அதைக்கூடச் சொல்லாமல் எழுந்து போவான். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் கனத்தது.

தம்பி மாத்திரையை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு டம்ளருக்காகக் கையை நீட்டினான்.

"இதுல பீட்ரூட் இல்ல" என்றாள்.

"என்னது?"

"ஒரு வாரமா இல்ல. தூள் பூசணம் பிடிச்சுப் போச்சு. நான் கலந்து குடுக்கிறது ரோஸ் சிரப். அந்த டிகாக்ஷன் பீட்ரூட்டால வந்தது இல்லடா. அதைப் போடாத. எந்திரி, டாக்டர்கிட்ட போகலாம்."

கண்ணாடியில் எல்லோருடைய முகங்களும் அவள் பக்கம் திரும்பின.

மாஸ்டர் மெதுவாகக் கேட்டார். "ஒரு வாரமா எல்லாருக்கும் கலர் தண்ணியா குடுத்த?"

"ஆமாங்க."

"வலி குறையுதுன்னாங்களே எல்லாரும்!"

"அதுக்கு நான் என்னங்க பண்றது?"

பின்னால் யாரோ குபீரென்று சிரித்து, உடனே அதை இருமலாக்கிக்கொண்டார்கள். ஆனால் தம்பி சிரிக்கவில்லை. சுவரைப் பற்றி நிமிர்ந்து நின்றான். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக அரும்பியிருந்தது.

"பொய்" என்றான்.

"இல்லடா."

"பொய்க்கா! நல்லாத் தயார் பண்ணி வச்சிருக்க. நாளைக்குக் காலையில நெஞ்சைப் பிடிச்சா நம்ப மாட்டேன்னு தெரியும். அதான் இன்னைக்கே வேற கதை. நீ குறுக்க வரமாட்டேன்னு சத்தியம் பண்ணினல்ல? யார் மேல பண்ணின சத்தியம் அது?"

"உன் மேலதான்."

"அப்ப நான் சாகட்டும்னு விடு."

அவள் மேடைக்குப் பின்னால் குனிந்து, எறிவதற்கு மனமில்லாமல் மூலையில் தள்ளி வைத்திருந்த பீட்ரூட் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாள். பாறைபோல் இறுகிய கருஞ்சிவப்பின்மேல் வெள்ளைப் பஞ்சு பூத்திருந்தது.

"இதை நேத்துகூட நீயே ஈரம் பண்ணி வச்சிருக்கலாம்" என்றான் அவன். அவனுக்கு வார்த்தை குழறியது.

இனி அவள் சொல்லால் ஆவது ஒன்றுமில்லை. அவன் நம்புகிற வாய் ஒன்று அந்த அறையில் இருந்தது. அவள் டம்ளரைக் கணவரின் முன் நீட்டினாள்.

"நீங்க குடிச்சுப் பாருங்க. பீட்ரூட்டுல மண் வாசம் இருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க. நாக்குல வச்சதும் தோட்டத்துல குனிஞ்ச மாதிரி இருக்கணும்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்வீங்களே. குடிச்சிட்டு அவனுக்குச் சொல்லுங்க."

மாஸ்டர் டம்ளரை வாங்கினார். பெருத்த அந்தக் கைக்குள் அது சிறு பிள்ளையின் விளையாட்டுச் சாமான்போலத் தெரிந்தது. ஒரு வாய் குடித்தார். வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு கண்களை மூடினார். இத்தனை நாளும் இஞ்சியின் காரத்தில் ஒரே மடக்காகக் குடித்துவிட்டுப் போனவர், முதன்முறையாக அதை ருசித்தார். அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. 'மண் வாசம் வருதே' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருடைய ஜிம்மும் அவர் வாக்கும் தப்பித்துவிடும். அவர் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது மனைவியை அல்ல, தம்பியின் தொடைகளை.

"மண்ணு இல்ல மாப்ள" என்றார். "சர்க்கரைதான் இருக்கு."

தம்பியின் உள்ளங்கை திறந்தது. மாத்திரை ரப்பர்த் தரையில் விழுந்து, சத்தமில்லாமல் உருண்டு, எடை மெஷினுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது.

"கிளம்பு" என்றார் மாஸ்டர்.

அவன் ஓரடி எடுத்து வைத்தான். முழங்கால் மடங்கியது. தராசு பாய்ந்து பிடித்தார். ஏறும்போதாவது கையால் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். இறங்குவதற்குத் தொடை வேண்டும், அது அவனிடம் இல்லை. டயர்க் கடைக்கு மேலே போகிற அந்தப் படிகளோ ஏணிபோலச் செங்குத்தானவை. இருவர் சேர்ந்து இறங்க இடம் இல்லை. மாஸ்டர் குனிந்து அவனுடைய வயிற்றுக்குத் தோளைக் கொடுத்தார்.

"முதுகை வளைக்காதீங்க மச்சான்" என்றான் தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு. நாளைக்காகப் பாடம் பண்ணி வைத்திருந்தது அவனையறியாமல் வாயில் வந்தது. "முழங்காலை மடக்கி எடுங்க. ஒரு கையால என் மணிக்கட்டைப் பிடிங்க. இன்னொரு கை கம்பிக்கு."

"வாயை மூடுறா. பொம்மை பேசாது."

"பொம்மைக்கு வலிக்காது மச்சான்."

அப்படித்தான் இறங்கினார்கள். முன்னால் தராசு, யாராவது விழுந்தால் தாங்குவதற்காக இரு கைகளையும் விரித்துக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கினார். மாஸ்டரின் ஒவ்வொரு காலடிக்கும் தம்பியின் மூச்சு அறுந்து அறுந்து வந்தது. அவன் தலை மாஸ்டரின் முதுகுப்பக்கம் தொங்கியது. பின்னால் வந்த அவளுடைய முகத்துக்கு நேரே அவன் முகம் தலைகீழாக இருந்தது. அவன் கண்களை மூடிக்கொண்டிருந்தான். வலியாலா, தன்னைப் பார்க்கக் கூடாதென்றா என்று அவளால் நிச்சயிக்க முடியவில்லை. அவள் கையில் பாட்டிலும் பூசணம் பிடித்த டப்பாவும் இருந்தன, கேட்டால் காட்டுவதற்கு.

கேட்டார்கள். மருத்துவமனையின் அவசரப் பிரிவில், பெண் மருத்துவர் ஒருவர் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு, "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு, "விருந்தாளி கொஞ்சம் பெரிய ஆளு" என்று தம்பி முனகினான். அவருக்குப் புரியவில்லை. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு விளக்கம் சொன்னார்.

"விருந்தாளியெல்லாம் இல்லைங்க" என்றார் மருத்துவர், ரத்தம் எடுப்பதற்கான குப்பிகளைச் செவிலியிடம் எடுத்துக் கொடுத்தபடி. "தசை உடைஞ்சிருக்கு. உடைஞ்ச தசையோட சாயம் ரத்தத்துல கலந்து, கிட்னியில போய் அடைக்குது. அந்த டிகாக்ஷன் கலர் அதுதான். காய்ச்சல் வந்து எழுந்த உடம்பை இப்படியா போட்டு வாங்கறது?"

"ஆசிட் தேங்கியிருக்கும்னு நினைச்சேன்" என்றார் மாஸ்டர்.

"லாக்டிக் ஆசிட் பயிற்சி முடிஞ்ச கொஞ்ச நேரத்துலயே தானாப் போயிடும். மறுநாள் வர்ற வலிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. என்னென்ன சாப்பிட்டாரு? எதையும் மறைக்காதீங்க."

அவள் பாட்டிலையும் டப்பாவையும் மேசைமேல் வைத்தாள். இஞ்சி, எலுமிச்சை, உப்பு வரை ஒப்பித்தாள். மருத்துவர் ரோஸ் சிரப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வலி மாத்திரை?"

"குடுக்கப் போனோம். போடல."

"போட்டிருந்தா கிட்னிக்கு இன்னும் சுமை. நல்லவேளை." ஆனால் அவர் முகத்தில் நல்லவேளைக்கு உரிய நிம்மதி இல்லை. "நிறையத் தண்ணி ஏத்தறோம். சிறுநீர் நிக்காம போகணும், நிறம் தெளியணும். அப்படி ஆகலன்னா டயாலிசிஸ் வரைக்கும் போகலாம். இப்போதைக்கு என்னால எதுவும் சொல்ல முடியாது."

"நாளைக்குக் காலையில எனக்கு..." என்று தம்பி தொடங்கினான். மருத்துவர் அவனைப் பார்த்தார். அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை.

மறுநாள் காலை வெயில், வார்டின் சன்னல் வழியாகக் கட்டிலின் கால்மாடுவரை வந்திருந்தது. தலைக்கு மேலே பாட்டிலிலிருந்து சொட்டு சொட்டாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் வாசல் பெஞ்சில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பியைச் சுமந்த தோள் காலையிலிருந்து இறுகிப்போயிருந்தது. "வந்துட்டாரு" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, யாரும் சிரிக்காததைக் கண்டு வாயை மூடிக்கொண்டார். சற்று முன்பு தராசு போன் செய்து, ஜிம்மில் எல்லோரும் சிவப்பு எங்கே என்று கேட்பதாகச் சொன்னார். "நெசம் தெரிஞ்சுமா கேக்கறாங்க?" என்றார் மாஸ்டர். "தெரிஞ்சுதான் கேக்கறாங்க" என்று பதில் வந்தது.

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மருத்துவமனைக்கு வந்ததிலிருந்து அவளோடு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. திடீரென்று, திரும்பாமலே கேட்டான்:

"மணி என்ன?"

அவள் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள். "தெரியலடா. சார்ஜ் போயிடுச்சு."

"அக்கா."

அந்த ஒரு சொல்லில் எல்லாமே இருந்தது. அவள் போனை நிமிர்த்தினாள்.

"பத்தாகப் போகுது."

மைதானத்தில் பெயர் கூப்பிடும் நேரம். அவன் முதுகு ஒருமுறை ஏறி இறங்கியது.

"அந்தத் தண்ணியில என்ன போட்ட? நெசமாச் சொல்லு."

"ரோஸ் சிரப். இஞ்சி. எலுமிச்சை. உப்பு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"வலி குறைஞ்சுதுக்கா" என்றான். அவன் குரல் இப்போது உடைந்திருந்தது. "சத்தியமாக் குறைஞ்சுது. அதனாலதான் அன்னைக்கு அத்தனை ஸ்குவாட் போட்டேன். உடம்பு தாங்குதுன்னு நினைச்சேன்."

இது நேற்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன்னுடைய வேடிக்கை அவன் தொடைக்குள் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது அப்போதுதான் புலப்பட்டது. "என் தப்புதான்டா" என்றாள். அவன் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

பிறகு சிறுநீர்க் குடுவையைக் கேட்டான். எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் திரும்பி நின்றாள். அவன் நீட்டியதும் வாங்கிச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"எப்படி இருக்கு? எனக்காக நல்லா சொல்லாத. இருக்கிறதைச் சொல்லு."

அவள் வெகுநேரம் பார்த்தாள். நல்லதைச் சொல்லிவிட நாக்கு துடித்தது, சொல்லவில்லை.

"நேத்து மாதிரி இல்ல. ஆனா தெளியலடா. தேன் மாதிரி இருக்கு, கருந்தேன்."

"சரி" என்றான். இப்போதுதான் இவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. "தண்ணி குடு. வெறும் தண்ணி."

அவள் கட்டிலுக்கு எதிரே நின்று, அவன் கண் முன்னாலேயே ஜாடியிலிருந்து டம்ளருக்கு ஊற்றினாள். அவன் அதை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கி, அடிவரை ஊடுருவிப் பார்த்தான். பார்த்துவிட்டுக் குடித்தான்.